முதலில் நீர், பிறகு மீன்

கண்ணாடித் தொட்டிக்குள் வண்ண மீன்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருக்க யாருக்குத்தான் ஆசை இராது? பிறந்த நாளுக்கோ, தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றதற்கோ பரிசாகப் பல வீடுகளுக்கு மீன்தொட்டி வருகிறது. காலையில் கடைக்குப் போகிறார்கள். தொட்டி, கூழாங்கல், காற்றுக்குழாய், நான்கு தங்கமீன்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்குகிறார்கள். மாலைக்குள் மீன்கள் தொட்டியில் நீந்துகின்றன. பத்து நாட்கள் சென்றதும் ஒரு மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மறுநாள் செத்து மிதக்கிறது. அடுத்த வாரத்தில் மற்றவையும் போய்விடுகின்றன. "நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லிப் பெரியவர்கள் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

மாணவ நண்பர்களே! இதில் ராசிக்கு வேலையே இல்லை. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு வாரங்களாவது இடைவெளி வேண்டும். இதை வலியுறுத்தவே இக்கட்டுரை.

ஏன் இந்த இடைவெளி? ஏலத் தோட்டக்காரர்களிடம் கேட்டால் தெரியும். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். ஏலக்காய் வாணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து போடிமெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை ஏலத் தோட்டங்களுக்கு இட்டுச் செல்கிறது. புதிதாக ஏலம் பயிரிடுபவர் குழி வெட்டிய கையோடு செடியை நடுவதில்லை. கோடை மழை பெய்யும் ஏப்ரல், மே மாதங்களில் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு நிரப்பி வைக்கிறார். பருவமழை தொடங்கிய பிறகே நாற்றை நடுகிறார். இடைப்பட்ட வாரங்களில் குழி சும்மா கிடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் எருவைச் சிதைத்துச் செடிக்கு உணவாக்கிக்கொண்டிருக்கின்றன. மீன்தொட்டிக்கும் இதே விதிதான். அங்கே உழைக்கும் நுண்ணுயிர்களும் இவற்றின் உறவினர்களே.

மீன் தின்னும் உணவில் புரதம் இருக்கிறது. அது உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நம் உடல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீனோ பெரும்பகுதியைச் செவுள்கள் வழியே நேராக நீரில் விட்டுவிடுகிறது. போடிக்கு அருகே ஓடும் கொட்டகுடி ஆற்றில் வாழும் மீனுக்கு இதனால் தொல்லை இல்லை. ஓடும் நீர் அம்மோனியாவை அடித்துச் சென்றுவிடும். பாறையிலும் மணலிலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அதை வேறு பொருளாக மாற்றிவிடும். நாற்பது லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? மீனைச் சுற்றியேதான் நிற்கும். தின்னாமல் விட்ட உணவும் அழுகி மேலும் அம்மோனியாவைச் சேர்க்கும். அது செவுள்களைப் புண்ணாக்கும். நீரின் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடிவிடும். இத்தனைக்கும் நீர் பளிங்குபோலத் தெளிவாகவே இருக்கும்! தெளிந்த நீர் வேறு, தயாரான நீர் வேறு.

அம்மோனியாவை அகற்றுவது உயிர்களின் வேலை என்று எப்படித் தெரிந்தது? 1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயின் வழியே அவர்கள் சாக்கடை நீரை மெல்லச் செலுத்தினர். ஏறக்குறைய இருபது நாட்கள் வரை மாற்றம் எதுவும் இல்லை. மேலே விட்ட அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட்டு தோன்றியது. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும் அல்லவா? குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் நின்றுவிட்டது. ஆகவே இது நுண்ணுயிர்களின் செயல் என்று முடிவு செய்தனர். பின்னர் 1890-ஆம் ஆண்டையொட்டி வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அந்த நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

இவற்றுள் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாதபடி மாற்றிவிடும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது மற்றொரு கூட்டத்தின் பணி. நைட்ரேட்டால் தீங்கு குறைவு. நீர்த்தாவரங்களுக்கு அது உணவுமாகும். இரண்டு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று 2015-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கிடைத்த இடம் எது தெரியுமா? மீன் வளர்க்கும் அமைப்பு ஒன்றின் வடிகட்டி!

ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் காத்திருந்த அந்த இருபது நாட்களை நினைவில் வையுங்கள். நம் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடங்களில் இருமடங்காகப் பெருகும். நைட்ரேட்டு ஆக்கும் பாக்டீரியாக்களோ அதற்குப் பல மணி நேரம், சிலவேளை ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் புதிய தொட்டி தயாராக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. குளிரில் அவை இன்னும் மெதுவாகப் பெருகும். எனவே வெயில் மிகுந்த போடி நகரில் ஆகும் நாட்களைவிட, ஏறத்தாழ 1400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டில் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். கூழாங்கற்களை நன்றாகக் கழுவித் தொட்டியில் பரப்புங்கள். குழாய் நீரில் கிருமிகளை அழிக்கக் குளோரின் கலந்திருப்பார்கள். அது நமக்குக் காப்பு; நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களுக்கும் செவுள்களுக்கும் கேடு. ஆகவே அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த நீரையே ஊற்றுங்கள். வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை நடுங்கள். காற்றுக்குழாயையும் வடிகட்டியையும் ஓடவிடுங்கள். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போடுங்கள். மீனே இல்லாத தொட்டிக்கு உணவா என்று வீட்டில் சிரிப்பார்கள். அது நுண்ணுயிர்களுக்கு! உணவு அழுகும்போது வெளிப்படும் அம்மோனியாவே அவற்றின் முதல் தீனி. நீண்ட நாள் நலமாக ஓடும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கூழாங்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது அது.

நீரைச் சோதிக்கும் பெட்டி மீன் கடைகளிலேயே கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதித்து வரைபடத்தாளில் குறியுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பின் நைட்ரைட்டு ஏறி இறங்கும். நைட்ரேட்டு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து உணவு போட்டும் முதல் இரண்டும் பூச்சியத்தில் நின்றால் தொட்டி தயார். கால் பங்கு நீரை மாற்றிவிட்டு, முதலில் இரண்டு சிறு மீன்களை மட்டும் விடுங்கள். வடிகட்டியின் பஞ்சை ஒருபோதும் குழாயடியில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

"எங்கள் மாமா வீட்டில் அன்றைக்கே மீன் விட்டார்கள், சாகவில்லையே" என்று சிலர் கேட்கலாம். பெரிய தொட்டியாக, மீன்கள் குறைவாக, செடிகள் அடர்ந்ததாக இருந்திருக்கலாம். முரட்டு மீன் இரண்டை முதலில் விட்டுப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அம்முறையில் தொட்டி தயாராவது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மீன்களும் வாரக்கணக்கில் நஞ்சில் மூச்சு விடுகின்றன. சாகாமல் இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. ஒரு சிட்டிகை உணவால் ஆகும் வேலைக்கு ஓர் உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

காத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு மாதம் பொறுத்திருப்பவருக்கு மீன் மேல் உண்மையான ஆர்வம் இருக்கும். ஒரு நாள் ஆசையில் வாங்கியவர்களே பிறகு சலித்துப்போய் மீனை ஆற்றிலும் கண்மாயிலும் கொண்டு விடுகிறார்கள். கொட்டகுடி ஆற்றில் விட்டது வைகைக்குப் போகும். நம் நீர்நிலைகளில் வெளிநாட்டு மீன்கள் பெருகி நாட்டு மீன்களை நெருக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்காரர்களும் தொட்டியை விற்கும் நாளிலேயே மீனை விற்காமல், "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். அதனால் அவர்களுக்கு நட்டம் இல்லை. மீன் பிழைத்த வீட்டார்தாம் மீண்டும் கடைக்கு வருவார்கள். பள்ளிகளிலோ, ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தொட்டியை வாங்கி ஆறு வாரங்கள் மீன் இல்லாமலே வைக்க வேண்டும். நைட்ரஜன் சுழற்சியைப் புத்தகத்தில் அம்புக்குறிகளாகப் படிக்கும் மாணவர்கள், அதைத் தம் வரைபடத்தாளில் தாமே காண்பார்கள்.

வெறும் தண்ணீரை ஆறு வாரம் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவரிடம் அந்த வரைபடத்தாளைக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறிய கதை அதில் இருக்கிறது. அவை குடியேறிய பின் மீனை அழைத்து வாருங்கள்.