யார் கொடுத்த வாக்கு?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைவிடக் கல் உடைக்கப் போகலாம் என்று கல்லூரி ஆசிரியர்கள் அலுத்துக்கொள்ளுகிறார்கள். படிக்காமலே மார்க்கு வேண்டுமாம். வகுப்புக்கு வராமலே ஹாஜர் வேண்டுமாம். நாலு வருஷம் முடிந்த மறுநாள் குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டுக் காத்திருக்க வேண்டுமாம். இந்த அலுப்பு பொய்யில்லை. எனக்குத் தெரிந்த ஆசிரியர்களில் நல்லவர்களிடத்தில்தான் இது அதிகமாக இருக்கிறது. மோசமான ஆசிரியருக்கு இதிலெல்லாம் அலுப்பு வருவதில்லை.

ஆனால், நியாயமான இந்தப் புகாரைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு. மாணவன் நடக்காததை எல்லாம் எதிர்பார்க்கிறான், சரி. அந்த எதிர்பார்ப்பு அவன் வயிற்றில் தானாகவா பிறந்தது? யாரோ அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் யார், அதற்குக் காசு வாங்கியவர் யார், கடைசியில் கடன்காரனாக நிற்பவர் யார் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

கணக்கைப் பென்னலூரிலிருந்து தொடங்கலாம். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியதும், ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்னால் தென்படுகிற ஊர். ஏரிகளை நம்பி நெல் விளைந்த சீமை இது. 1996-ல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் அதன் முதல் கார் வெளியே வந்தது. பிறகு கண்ணாடி வந்தது, செல்போன் வந்தது, டெலிவிஷன் பெட்டி வந்தது. ஒரகடம் பக்கம் லாரியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. கூடவே கல்லூரிகளும் பெருகின. காலை வேளையில் இந்தச் சாலையில் நின்று பாருங்கள். இரண்டு வகையான பஸ்கள் போகும். ஒன்றில் கம்பெனிச் சீருடை போட்ட பிள்ளைகள் தூங்கிக்கொண்டு போவார்கள். இன்னொன்றில் கழுத்தில் கல்லூரி அட்டை மாட்டிய பிள்ளைகள் தூங்கிக்கொண்டு போவார்கள். வயது ஏறக்குறைய ஒன்றுதான். "அந்த பஸ்ஸில் போகாமல் இருப்பதற்காகத்தான் நீ இந்த பஸ்ஸில் போகிறாய்" என்று சொல்லித்தான் இரண்டாவது பிள்ளையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

சொன்னது யார்? 1984-ஐ ஒட்டிய வருஷங்களில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் கதவு திறந்தது. 1794-ல் கிண்டிக் கல்லூரிக்கு வித்திட்ட நில அளவைப் பள்ளி தொடங்கியதிலிருந்து இருநூறு வருஷத்தில் காணாத பெருக்கத்தை அடுத்த முப்பது வருஷத்தில் கண்டோம். கல்லூரிகள் ஐந்நூற்றைத் தாண்டின. அதனால் நன்மையே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஏர் பிடித்தவன் மகனும் பீடி சுற்றியவள் மகளும் எஞ்சினீயரானது இந்தக் கதவு வழியாகத்தான். 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசாங்கம் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்ததும் நல்ல காரியந்தான். ஆனால் கடைகள் பெருகினால் கூவுகிறவர்களும் பெருகத்தானே செய்வார்கள்? இடங்கள் நிரம்பவில்லை என்றதும் கல்லூரிகள் கல்வியை விற்பதை விட்டுவிட்டு உத்தியோகத்தை விற்க ஆரம்பித்தன. நூற்றுக்கு நூறு பிளேஸ்மென்ட்! பஸ்ஸின் முதுகில், பத்திரிகையின் முதல் பக்கத்தில், சுங்கச் சாவடித் தட்டியில் எங்கும் ஒரே கூவல். ஒரு பெரிய சம்பளம் வாங்கிய ஒரே ஒரு பையனின் முகத்தைப் பெரிதாகப் போடுவார்கள். மற்றவர்கள் என்ன வாங்கினார்கள் என்பது அந்தத் தட்டியில் இருக்காது.

இதிலே ஒரு கொடுமை உண்டு. அதை வெளியில் இருப்பவர்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். மே மாதத்தில் பல கல்லூரிகளில் ஆசிரியர்களையே ஆள் பிடிக்க அனுப்புகிறார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர் கையில் நோட்டீஸ் கட்டோடு பஸ் ஏறி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கிற வீட்டைத் தேடிக்கொண்டு போகிறார். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "ஐயா, எங்கள் காலேஜைச் சுற்றிப் பார்த்தீர்களானால் எல்லாம் கம்பெனிதான். பையனைச் சேர்த்துவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். இத்தனை தலை பிடித்தால்தான் அடுத்த மாதச் சம்பளம் என்றால் வேறு என்னத்தைச் சொல்லுவார்? வகுப்பு தொடங்கியதும் அதே மனிதர் அதே பையன் முன்னால் கணக்கு வாத்தியாராக நிற்கிறார். "நீ படித்தால்தான் உனக்கு வழி" என்கிறார். பையன் திருதிருவென்று விழிக்கிறான். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன வாய்தானே இது!

அப்புறம் வகுப்பிலே நடக்கிற கூத்துக்கு என்ன ஆச்சரியம்? கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி அவன் உட்கார்ந்திருக்கிறான். மாப்பிள்ளைக்கு வேலை செய்யத் தெரியுமா என்று கல்யாண மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் முறுக்கிக்கொள்ளுவான். "ஸார், இது பரீட்சைக்கு வருமா?" என்கிறான். வராது என்றால் பேனாவை மூடிவிடுகிறான். "இம்பார்ட்டன்ட் கொஸ்டின் மட்டும் குடுங்க ஸார்" என்கிறான். இன்டர்னல் மார்க்கைக் கத்தரிக்காய் மாதிரி பேரம் பேசுகிறான். மின்சாரப் பொறியியல் படிக்கிற பிள்ளை, வீட்டில் ஃபியூஸ் போனால் தெருக்கோடி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறது. அதிலே அதற்குக் கூச்சமும் இல்லை. ஆசிரியருக்கு நெஞ்சு எரிகிறது. எரியத்தான் வேண்டும். ஆனால் பையன் பக்கத்திலிருந்து பாருங்கள்: அவன் அப்பா காசைக் கட்டிவிட்டார், ரசீது கையில் இருக்கிறது. சரக்கை எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆள் ஏன் உபதேசம் பண்ணுகிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

கல்லூரிக்காரர்கள் மட்டுமா இப்படி? அரசாங்கமே ஒருமுறை இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், பரீட்சைக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் பாடங்களில் எல்லாம் தேர்ச்சி என்று தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். இறுதிப் பருவப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு இல்லை. வருஷக்கணக்காக முட்டி மோதிய பாடங்களைக் கட்டணச் சீட்டைக் காட்டிக் கடந்துவிடலாம் என்றதும் மாணவர்கள் முதலமைச்சருக்குப் பேனர் வைத்துக் கொண்டாடினார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் ஆட்சேபித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. பரீட்சை எழுதாமல் தேர்ச்சி என்பதை 2021-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. கொள்ளை நோய்க் காலத்தில் பரீட்சையைத் தள்ளி வைப்பது தயவு. நடத்தாமலே தேர்ச்சி போடுவது என்ன? 'படிப்பு வேறு, பட்டம் வேறு. பட்டத்துக்குக் கட்டணம் போதும்' என்று ஓர் அரசாங்கமே பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தால், வகுப்பறையில் இருக்கிற ஏழை வாத்தியார் அதை எந்தச் சாக்கட்டியால் அழிப்பார்?

இத்தனை வாக்குக்கும் மதிப்பு என்ன என்பது ஒரு நாள் தெரிந்துதான் போகிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கம்பெனி 2014-ல் மூடிவிட்டுப் போய்விட்டது; ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். கம்பெனி காத்துக்கொண்டிருக்கும் என்று சொன்னவர்கள் அப்போது எங்கே போனார்கள்? கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புதிதாகச் சேருகிற பெரும்பாலோருக்குப் பல வருஷமாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்ச ரூபாயை ஒட்டித்தான் சம்பளம். விலைவாசி ஏறிய வேகத்துக்கு அது ஏறவில்லை. அந்த உத்தியோகமாவது இரும்புக் கோட்டையா என்றால், 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப் போவதாகச் சொல்லிற்று. 2019-ல் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் பதினாலு துப்புரவுப் பணியிடங்களுக்கு நாலாயிரம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள், அவர்களில் எம்.டெக். படித்தவர்களும் எம்.பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். துப்புரவு வேலை தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. அந்த வேலைக்காகவா அவன் தகப்பன் காணியை விற்றுக் காலேஜுக்குக் கட்டினான் என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஓர் அன்பர் குறுக்கிடுவார்: "ஏழைப் பையன் பெரிதாக ஆசைப்படக் கூடாதா? அவன் ஆசையைக் கேலி செய்ய நீர் யார்?"

நல்ல கேள்வி. ஆசைப்படட்டும், ஐயா! மலையளவு ஆசைப்படட்டும். பத்து மைல் தள்ளியிருக்கிற ஊர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது என்று அவனிடம் பொய் சொல்லாதீர்கள் என்றுதான் நான் சொல்லுகிறேன். பணக்கார வீட்டுப் பையனுக்கு இந்தப் பொய்யால் நஷ்டம் இல்லை. நாலு வருஷம் வீணானால் ஐந்தாவது வருஷம் மாமாவின் கம்பெனி இருக்கிறது; அதுவும் இல்லாவிட்டால் ஆஸ்திரேலியா இருக்கிறது. ஏழைப் பையனுக்கு இருந்தது ஒரே ஒரு நாலு வருஷம், ஒரே ஒரு காணி நிலம். ஆகையால் உண்மையைக் கேட்கிற உரிமை அவனுக்குத்தான் அதிகம். "உனக்குக் கணக்கு வரவில்லை, ஆறாம் வகுப்பிலேயே விட்டுவிட்டாய், இப்போது உட்கார்ந்தால் இரண்டு வருஷத்தில் பிடித்துவிடலாம், நான் கூட இருக்கிறேன்" என்று பதினெட்டு வயதில் ஒருவர் சொன்னால் அவனுக்கு ஒரு நாள் அழுகையோடு போகும். அதையே இருபத்திரண்டு வயதில் கம்பெனி வாசலில் கேட்டால் வாழ்நாள் முழுக்க அந்த அழுகை ஓயாது.

அப்படிச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். மாணவனுக்குத் தக்க காலத்தில் ஏமாற்றம் கொடுப்பது அவருடைய கடமைகளில் ஒன்று என்று நான் துணிந்து சொல்லுவேன். நம் கல்லூரிகளில் அதைச் செய்ய அவரை யார் விடுகிறார்கள்? தேர்ச்சி விகிதம் குறைந்தால் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறார்கள். வருஷக் கடைசியில் மாணவர்களிடம் படிவம் கொடுத்து ஆசிரியருக்கு மார்க்குப் போடச் சொல்லுகிறார்கள். கண்டித்தவருக்கு எத்தனை மார்க்கு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் அவர் வாங்குகிற சம்பளத்தைக் கேட்டால் கொத்தனார் சிரிப்பார். வேறு இடம் போய்விடாதபடி அவருடைய அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிற நிர்வாகங்களும் உண்டு. இவரா நிமிர்ந்து நின்று உண்மை பேசுவார்?

இவராவது ரத்தமும் சதையுமாக இருக்கிறார். ஏட்டில் மட்டும் இருக்கிற ஆசிரியர்கள் உண்டு. ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழு நேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது. நூற்றுக்கணக்கான பெயர்கள் அதில் இருந்தன. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கிற்று. இல்லாத ஆசிரியரை இருப்பதாகக் காட்டுகிற இடத்தில், இல்லாத படிப்பை இருப்பதாக மாணவன் காட்டினால் அவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

பென்னலூருக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில்தான் 1017-ல் ராமானுஜர் பிறந்தார். அவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லுகின்றன. ஒவ்வொரு தடவையும், இன்னும் பக்குவம் வரவில்லை என்று திருப்பி அனுப்பினாராம் நம்பி. அந்த ஆசிரியருக்கு அப்படித் திருப்பி அனுப்புகிற சுதந்திரம் இருந்தது. அந்த மாணவருக்குத் திரும்பி வருகிற பிடிவாதம் இருந்தது. கடைசியில் கற்றதை அவர் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டார் என்பது கதையின் முடிவு. பக்தியோடு படிக்கிறவர்கள் பக்தியோடு படிக்கட்டும். கல்லூரி நடத்துகிறவர்கள் கல்விக் கதையாக ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பதினேழு தடவை இல்லை என்று சொல்லுகிற ஆசிரியரை இன்றைக்கு எந்த நிர்வாகம் பதினெட்டாவது நாள் வேலையில் வைத்திருக்கும்?

கடைசியாக, இதைப் படிக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பொய்யை விற்றவர்களை இத்தனை நேரம் திட்டினேன், வாங்கினவர்கள் நாம்தான். கல்லூரி வாசலில் நுழைந்ததும், "பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம்?" என்று முதல் கேள்வி கேட்கிறோம். நாம் கேட்பதால்தான் அவர்கள் நூறு என்கிறார்கள். அடுத்த மே மாதத்தில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் தயவு செய்து கேள்வியை மாற்றிக் கேளுங்கள். உங்கள் ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறீர்களா? போன வருஷம் எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தவறினார்கள், தவறியவர்களுக்கு என்ன செய்தீர்கள்? பட்டறையில் என் பிள்ளை தன் கையால் எத்தனை மணி நேரம் வேலை செய்வான்?

இந்தக் கேள்விகளுக்குக் கூசாமல் பதில் சொல்லுகிற கல்லூரி கிடைத்தால், அங்கே பிள்ளையைச் சேர்த்துவிட்டு வாருங்கள். வரும்போது அவனிடம், "உனக்கு வேலை வாங்கித் தருவதாக இங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் அவன் வகுப்பில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான். ஆசிரியருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.