அரவிந்தர் ஓடிப் போனவரா?



போன வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்து உட்கார்ந்திருந்தபோது, பால் வெட்டும் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, அரவிந்தர் வெள்ளைக்காரனுக்குப் பயந்துதானே புதுச்சேரிக்கு ஓடினார்? அவரைப் போய் மகான் என்கிறீர்களே!"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன்.

1872 ஆகஸ்ட் 15ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு டாக்டருக்கு மகனாகப் பிறந்தவர் அரவிந்தர். பிள்ளைகள் வெள்ளைக்காரர்களைப் போலவே வளர வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. ஏழு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். தாய்மொழியான வங்காளத்தை அவர் ஒழுங்காகக் கற்றதே வளர்ந்து ஆளான பிறகுதான். (தமிழ் வாத்தியாரான எனக்கு இந்த இடத்தில் நெஞ்சு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.) ஐ.சி.எஸ். எழுத்துப் பரீட்சையில் தேறியும் குதிரையேற்றப் பரீட்சையைக் கைவிட்டார். வெள்ளைக்காரனிடம் உத்தியோகம் பார்க்க அவருக்கு மனமில்லை.

1893இல் நாடு திரும்பிப் பரோடாவில் வேலை பார்த்தார். 1905இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள், நாடே கொதித்தது. மறு ஆண்டு கல்கத்தா வந்து, 'வந்தே மாதரம்' பத்திரிகையில் பூரண சுதந்திரம் வேண்டும் என்று பச்சையாகவே எழுதினார்.

1908 மே மாதம் வெடிகுண்டு வழக்கில் பிடித்து அலிப்பூர் சிறையில் அடைத்தார்கள். ஒன்பது அடி நீளம், ஐந்தாறு அடி அகலம், அதுதான் அறை. நம் லயத்து அறையே எவ்வளவோ தேவலை! குளிக்க, குடிக்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் ஒரே கிண்ணம். அந்தக் கிண்ணத்தைப் பற்றிப் பிற்பாடு வேடிக்கையாகவே எழுதினார். அங்கே கீதை படித்தார், தியானம் செய்தார். சிறைக் கம்பியிலும் காவலனிடமும் நீதிபதியிடமும் வாசுதேவனையே கண்டதாக, விடுதலையான 1909இல் உத்தர்பாராவில் பேசினார். ஆக, மாற்றம் வந்தது புதுவையில் அல்ல, சிறையில்!

1910 ஏப்ரல் 4ஆம் நாள் புதுவை வந்து சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு ஆட்சி. பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. அது அவருக்கு உதவியது உண்மைதான், மறைப்பானேன்? அதே காரணத்துக்காகத்தான் நம் பாரதியாரும் அங்கே இருந்தார். இருவரும் சேர்ந்து வேதம் படித்தார்கள். ஆண்டாள், நம்மாழ்வார் பாசுரங்கள் சிலவற்றை அரவிந்தர் ஆங்கிலத்தில் தந்தது அந்த நாளில்தான். 1920இல் காங்கிரஸ் மாநாட்டுத் தலைமை தேடி வந்தும் வேண்டாம் என்றுவிட்டார். ஒளிந்துகொள்ள வந்தவர் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1950 டிசம்பரில் கண்மூடும் வரை புதுவையிலேயே இருந்தார். நாடு விடுதலை பெற்ற நாள் அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்த நாள்!

ஆனாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. அதே வழக்கில் அவர் தம்பி பாரீந்திரருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுள் தண்டனையானது. அண்ணன் புதுவையில் தியானத்தில் இருந்த காலத்தில் தம்பி அந்தமானில் கிடந்தார். 1920இல்தான் வெளியே வந்தார்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "தம்பிக்கு அண்ணன் மேல் கோபம் இல்லையா?" என்று கேட்டார்.

தம்பி வெளியே வந்ததும் அரவிந்தர் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார், வளர்ந்த பிறகு கற்ற அந்த வங்காள மொழியிலேயே. பின்னர் தம்பியும் புதுவைக்கு வந்து சில ஆண்டுகள் அண்ணனிடம் இருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன்.