முப்பது வயதில் ஒரு மேசை

ஒருவர் உலகப் புகழ் பெற்ற பிறகு, அவர் நம்மவர் என்று உரிமை கொண்டாடுவதில் நமக்கு ஈடு எவருமில்லை. 1968-ஆம் ஆண்டில் ஹர் கோபிந்த் கொரானாவுக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு, ஹோலி, நிரென்பெர்க் என்னும் இருவரோடு சேர்த்து வழங்கப்பட்டது. மறு ஆண்டே நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. நன்று, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே மனிதர் 1949-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டத்தோடு தாய்நாடு திரும்பி வேலை தேடினார் என்பதையும், தகுந்த வேலை கிடைக்காமல் மீண்டும் அயல்நாடு சென்றார் என்பதையும் நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

நான் கரிம ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவன். தில்லியில் தமிழ் மாணவர் நால்வர் கூடினால் இன்று தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "பட்டம் வாங்கியாயிற்று; இனி என்ன?" ஒருவர் அமெரிக்கா என்பார், ஒருவர் மருந்துக் கம்பெனி என்பார், மூன்றாமவர், "ஆராய்ச்சியே வேண்டாம், ஐ.ஏ.எஸ். எழுதலாம்" என்பார். இந்தக் கேள்விக்குக் கொரானாவின் வாழ்க்கை ஒரு விடை தருகிறது என்பது என் துணிபு. அவ்விடை மாணவருக்கு மட்டுமன்று. பல்கலைக்கழகங்களை நடத்துவோருக்கும் உரியது.

அவர் 1922-இல் பஞ்சாபில் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். நூறு பேர் வாழ்ந்த அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய அவருடையது ஒன்றுதான். தந்தையார் கிராமக் கணக்கர். நம் பக்கத்துக் கர்ணம் போன்றவர். பிள்ளை மரத்தடிப் பள்ளியில் தொடங்கி, முல்தானில் உயர்நிலைப் பள்ளி முடித்து, லாகூரில் 1945-இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்திய அரசின் உதவிச் சம்பளத்தில் இங்கிலாந்து சென்று, 1948-இல் லிவர்பூலில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பின் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் பேராசிரியர் பிரெலாக்கிடம் ஓராண்டுக் காலம் பயிற்சி.

அதற்குள் நாடு பிரிந்துவிட்டது. பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. குடும்பம் அகதியாகத் தில்லிக்கு வந்து சேர்ந்தது. இந்த நிலையில்தான் அவர் 1949-இல் திரும்பி வந்தார். புதிதாக விடுதலை பெற்ற நாடு, அகதிகள் வெள்ளம், வெறுமையான கஜானா: வேலை கிடைக்காததற்குக் காரணங்கள் இல்லாமற் போகவில்லை. அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்று கென்னர், டாட் ஆகியோரிடம் 1952 வரை பணியாற்றினார். "நம் அறிஞர்கள் நாட்டை மறந்து ஓடுகிறார்கள்" என்று மேடையில் முழங்குவோர் இதைக் கருத வேண்டும். அவர் ஓடவில்லை, வந்தார், கதவைத் தட்டினார்.

திறந்த கதவு எது? கேம்பிரிட்ஜோ ஹார்வர்டோ அன்று. கனடாவின் மேற்குக் கோடியில் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஆராய்ச்சிக் கழகம். அங்கே வசதி மிகக் குறைவு. ஆனால் எதை ஆராய்வது என்பதை ஆராய்பவரே முடிவு செய்யலாம் என்ற உரிமை குறைவின்றி இருந்தது. 1952-இல், தம் முப்பதாவது வயதில், கொரானா அங்கே போய்ச் சேர்ந்தார். என் கட்சி இதுதான்: இளம் ஆராய்ச்சியாளனுக்கு அந்த வயதில் வேண்டுவது மாளிகையன்று, ஒரு மேசையும், அதில் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்து பார்க்கும் உரிமையும், அதற்குச் சில ஆண்டுக் கால அவகாசமும்தான்.

அந்த மேசையில் அவர் என்ன செய்தார்? கார்போடை-இமைடு என்னும் ஒரு வகைப் பொருளைப் பற்றிப் பழைய ஜெர்மன் ஆய்வேடுகளில் படித்திருந்தார். இரு மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள நீரைப் பிடுங்கிக்கொண்டு அவற்றை இணைத்துவிடும் இயல்புடையது அது. உயிர்ப்பொருள்களில் உள்ள பாஸ்பேட்டுகளை மென்மையாகப் பிணைப்பதற்கு அதைக் கருவியாக்கினார். உடலின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி.யை அம்முறையில் செய்தார். 1959-இல் மொஃபாட் என்னும் தோழருடன் சேர்ந்து கோஎன்சைம் ஏ என்ற பொருளையும் ஆக்கிக் காட்டினார். நாம் உண்ணும் சர்க்கரையும் கொழுப்பும் ஆற்றலாக மாறும் வழியில் இன்றியமையாத பொருள் அது. அதுவரை ஈஸ்ட்டிலிருந்து அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்ததைக் குடுவையிலேயே செய்ய முடிந்தது. வான்கூவரின் பெயர் உலகத்து உயிர் ரசாயனிகளின் நாவில் ஏறியது.

1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே செய்த வேலையே நோபெல் பரிசைக் கொணர்ந்தது. அதைச் சுருக்கமாக விளக்குகிறேன். நம் உடலின் புரதங்களை எப்படி அமைப்பது என்ற கட்டளை நான்கே எழுத்துக்களில் எழுதப்பட்டுள்ளது. மும்மூன்று எழுத்துக்கள் சேர்ந்து ஒரு சொல். ஆகவே சொற்கள் அறுபத்து நான்கு. எந்தச் சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது? இதுதான் புதிர். 1961-இல் நிரென்பெர்க், ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் சரத்தைக் கொண்டு முதற்சொல்லின் பொருளைக் கண்டார்.

கொரானாவோ, வேண்டிய எழுத்தை வேண்டிய வரிசையில் கோக்கும் வித்தையைக் கைவரப் பெற்றிருந்தார். "கபகபகப" என்று ஒரு சரம் இருப்பதாகக் கொள்வோம். மூன்று மூன்றாகப் படித்தால் கபக, பகப என்று இரு சொற்களே மாறி மாறி வரும். அவ்வாறே யு, சி என்னும் இரண்டெழுத்து மாறி மாறி வரும் சரத்தை அவர் செய்து புரத உற்பத்திச் சாறில் இட்டபோது, செரின், லியூசின் என்ற இரு அமிலங்கள் ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்த சங்கிலி வந்தது. சொல்லுக்கு மூன்றெழுத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? அறுபத்து நான்கு மூவெழுத்துச் சொற்களையும் தனித்தனியே செய்து சோதித்தார். 1966-க்குள் அகராதி முழுமை பெற்றது.

பிறர் ஊகித்ததை அவர் செய்து பார்த்து அறிந்தார். 1970-இல் எழுபத்தேழு எழுத்துக்கொண்ட ஒரு ஜீனைக் குடுவையில் ஆக்கினார். அவ்வாண்டே எம்.ஐ.டி.க்குப் பெயர்ந்தார். 1976-இல் உயிருள்ள பாக்டீரியாவுக்குள் வேலை செய்யும் செயற்கை ஜீனையும் அறிவித்தார். இன்று எந்த ஆய்வுக்கூடமும் வேண்டிய டி.என்.ஏ. துண்டை எழுதியனுப்பினால், இயந்திரம் செய்து தருகிறது. அஞ்சலில் வந்து சேருகிறது. அந்த வசதிக்கு அடித்தளமிட்டவர்களில் முதல் வரிசையில் அவர் நிற்கிறார். ஐம்பதைக் கடந்த பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. செல்களின் மேலுறையில் ஒளியை உணரும் புரதங்களைப் பற்றிய புதுத்துறையில் இறங்கினார். 2011-இல் மறைந்தார்.

இவரை என்னவென்று அழைப்பது? பயின்றது ரசாயனம், பரிசு பெற்றது மருத்துவத்துக்கு, விடை கண்டது உயிரியல் வினாவுக்கு. நான் சென்றிருந்த ஒரு நேர்காணலில், "நீர் ரசாயனியா, உயிரியல்காரரா? விளம்பரத்தில் கேட்ட துறை எது, உம் துறை எது?" என்று கேட்டார்கள். என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டது அதன் பிறகுதான். துறைச் சுவர்களின் உயரத்தை அளப்பதில் காட்டும் அக்கறையை, சுவருக்கு அப்பால் ஒருவன் எதைக் காண்கிறான் என்று கேட்பதில் காட்டக்கூடாதா?

"இந்தியாவில் இருந்திருந்தால் கொரானா இவ்வளவு சாதித்திருக்க முடியுமா?" என்று சிலர் ஏளனமாகக் கேட்பர். அவர்களுக்கு நம் பல்கலைக்கழகத்து வரலாறே மறுமொழி தரும். குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். கோவையில் சில காலம். பின்னர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகம். பெரிய கருவிகள் இல்லாத அந்நாளில் பருத்திப் பூவையும், புங்கம் விதையையும், பாறையில் படரும் லைக்கனையும் எடுத்துக்கொண்டு அவற்றின் நிறப்பொருள்களை ஆராய்ந்தார். 1949-இல் துணைவேந்தர் மாரிஸ் குவையரின் அழைப்பை ஏற்றுத் தில்லிக்கு வந்தார்; இயற்கைப் பொருள் ரசாயனத்தில் உலகறிந்த ஆராய்ச்சிப் பள்ளி ஒன்றை இங்கே உருவாக்கினார். 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

ஆண்டைக் கவனியுங்கள். ஒருவருக்குக் கதவு திறக்காத அதே 1949-இல் இன்னொருவருக்கு அழைப்பே வந்திருக்கிறது. அழைக்கப்பட்டவர் ஐம்பதை நெருங்கிய, பெயர் நாட்டிய பேராசிரியர். திறக்காமற் போனது இன்னும் முப்பதைத் தொடாத, பெயரில்லாத இளைஞருக்கு. சாதித்தவரை அழைக்க நமக்குத் தெரியும். சாதிக்கப்போகிறவரை அடையாளம் காணத்தான் தெரியவில்லை. இது வறுமையால் மட்டும் வந்த குறையன்று. வழக்கத்தால் வந்த குறையுமாகும். வான்கூவரும் செல்வச் செழிப்பில் அவரை அழைக்கவில்லையே!

நிலைமை மாறவேயில்லை என்று நான் சொல்லவில்லை. அயல்நாட்டிலிருந்து திரும்பும் உயிரியல் ஆய்வாளருக்கு ஐந்தாண்டு உதவி தரும் திட்டத்தை, மருத்துவ அறிஞர் ராமலிங்கசுவாமியின் பெயரால், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தொடங்கியது. வரவேற்கத்தக்க முயற்சி. எனினும் உதவிப் பணம் வேறு, மேசை வேறு. ஐந்தாண்டு முடிந்ததும், "நிரந்தர இடம் உண்டா, எந்தத் துறையில்?" என்ற பழைய கேள்வி வாசலில் காத்து நிற்கக் கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தத் துறைப் பெயரும் சூட்டாத சில இடங்களை இளைஞருக்கென ஒதுக்கட்டும். ஐந்தாண்டு கழித்து வேலையைப் பார்த்து முடிவு செய்யட்டும். பத்து இடங்களில் ஒன்பது வீணானாலும், பத்தாவது ஈடு செய்துவிடும்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். உரிமையை மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருத்தலாகாது. கொரானா உயிரியலுக்கு வெறுங்கையோடு போகவில்லை. கரிம ரசாயனம் என்னும் கைத்தொழிலை அடிமுதல் நுனிவரை கற்றுக்கொண்டு போனார். இன்று உயிரியலுக்கு மவுசு என்று கேட்டு, பாதி ரசாயனமும் பாதி உயிரியலுமாக நுனிப்புல் மேய்பவர் பலர். ஒரு கலையில் கை தேறுங்கள். பிறகு அக்கையைப் பிறதுறையின் கேள்விக்கு நீட்டுங்கள். கேள்வி பெரிதாக இருக்கட்டும். வேலை நாள்தோறும் சிறிது சிறிதாக நடக்கட்டும்.

நம்மில் சிலர் நாளை துறைத் தலைவராகவும் தேர்வுக் குழுவினராகவும் அமரத்தான் போகிறோம். அன்று பெயரில்லாத ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ நம் வாசலில் வந்து நிற்பர். "உம் துறை என்ன?" என்று கேட்பதற்கு முன், "என்ன செய்ய விரும்புகிறீர்?" என்று கேட்போம். விடை நன்றாயிருந்தால் மேசையைக் காட்டுவோம். உரிமை கொண்டாடுவதை அவர் பரிசு பெறும் நாள் வரை ஒத்திப்போட வேண்டியதில்லை, அன்றைக்கே தொடங்கலாம்.