எனக்குள் என் பாட்டி



ஐம்பதைத் தாண்டிய எவரும் ஒரு நாள் இதனைக் கவனித்தே தீருவர். நாம் செய்யும் சில செயல்கள் நம்முடையவை அல்ல. எனக்கு இப்போது வயது 54. நாற்காலியில் அமரும்போது ‘முருகா’ என்கிறேன். எழும்போதும் அதையே சொல்கிறேன். பொட்டலத்தில் சுற்றி வரும் ரப்பர் வளையத்தை எறிய மனமின்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அப்படியே வகுப்பறைக்கும் சென்றுவிடுகிறேன். இவை யாவும் என் பாட்டியின் பழக்கங்கள். முதலில் கண்டு சொன்னவர் என் கணவர். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்பதை இங்கே ஆராய வேண்டியதில்லை.

இவையெல்லாம் இரத்தத்தில் வருவன என்பர் சிலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. என் தம்பியும் அதே பாட்டியின் பேரன்தான். படிப்பிற்காகச் சிறு வயதிலேயே பட்டணத்தில் சித்தி வீட்டில் வளர்ந்தவன். அவனிடம் பாட்டியின் சாயல் ஒன்றுகூட இல்லை. சித்தப்பாவைப்போலக் காது மடலைத் திருகிக்கொண்டே கணக்குப் பார்க்கிறான்! எவர் கண்ணெதிரே நடமாடினாரோ அவர்தாம் நமக்குள் குடியேறுகிறார். நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பாட்டியுடன் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். எனக்குப் பத்து வயதானபோது பாட்டிக்கு ஐம்பத்திரண்டு இருக்கும். என் நினைவில் நிற்கும் பாட்டியின் வயதை நான் இப்போதுதான் எட்டியிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பின்கதவைத் திறந்து, உள்ளங்கையை வெளியே நீட்டி, வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் மரம் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் கோட்டில் நில்லாமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். வேலையில்லை என்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. ஆகவே அந்த ஒரு பார்வையில் ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசி இருந்தது. நானோ மாதச் சம்பளக்காரி; மழை கொட்டினாலும் பாடம் உண்டு. ஆயினும் ஒவ்வொரு நாளும் விடியலில் கதவைத் திறந்து கையை நீட்டுகிறேன்.

1982 சனவரி முதல் நாளன்று, தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா சரவாக்குடன் ஒன்றாக்குவதற்காகக் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. பாட்டி அதனை இறுதிவரை ஏற்கவில்லை. எவர் நேரம் சொன்னாலும், “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்பார். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இடத்திற்கும் அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடுவார். இன்று திருமண மண்டபத்தில் நாற்காலி அடுக்குபவர்களோடு நிற்கும் முதல் விருந்தாளி நான்தான். நம் திருமணங்கள் எந்த நேரத்தில் தொடங்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இவற்றையெல்லாம்விட என்னைச் சிந்திக்க வைப்பது மரவள்ளிக்கிழங்கு. பாட்டி அதனை எங்களுக்கு அவித்துத் தருவார், வறுத்துத் தருவார். தாம் ஒரு துண்டும் வாயில் வைக்கமாட்டார். 1941 இறுதியில் தொடங்கி 1945 வரை நீடித்த சப்பான்காரன் காலத்தில் அவர் சிறுமி. அரிசி கிடைக்காமல் நாளெல்லாம் அந்தக் கிழங்கையே தின்று வளர்ந்தவர். நான் அந்தப் பஞ்சத்தைக் கண்டவள் அல்லள். இருந்தும் விருந்தில் கிழங்கு வைத்தால் என் கை தானாக ஒதுக்குகிறது. என் மகளும் இப்போது ஒதுக்கத் தொடங்கியிருக்கிறாள். காரணம் கேட்டால், “எங்கம்மா சாப்பிடமாட்டாங்க” என்கிறாள். பழக்கம் மூன்றாம் தலைமுறையைத் தாண்டி வந்துவிட்டது. அதன் கதையைத்தான் நான் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி நம் பள்ளி விடயத்துக்கு வருவோம். ‘என் தாத்தா’, ‘என் பாட்டி’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். நாற்பது தாள்களிலும் ஒரே தாத்தா வருகிறார். அவர் நாள்தோறும் நாளிதழ் வாசிப்பார், மெதுநடை செல்வார், நீதிக்கதைகள் கூறுவார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது; மாதிரிக் கட்டுரைத் தாத்தா மட்டும் ஓய்வு பெறவில்லை! கூடத்தில் அமர்ந்திருக்கும் உண்மைத் தாத்தா இருமுவதற்கும் ஓர் இராகம் உண்டு. அதனை எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று பிள்ளை அஞ்சுகிறது.

சொற்களும் அப்படித்தான். பேரப்பிள்ளையின் தாளில் லயம், பெரட்டு போன்ற சொற்கள் வந்தால் சிவப்பு மையால் சுழிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ‘பசியாறிவிட்டு வந்தேன்’ என்பதையும் ‘காலை உணவு உண்டுவிட்டு வந்தேன்’ என்று மாற்றுவோர் உளர். பசி ஆறுவது என்பதைவிட நல்ல தமிழ் எங்கே கிடைக்கும்? பெரட்டு என்ற சொல்லை அடித்துவிட்டால், இருள் பிரியுமுன் பெயர் கொடுக்க வரிசையில் நின்ற ஒரு தலைமுறையைப் பற்றி அந்தப் பிள்ளை எந்தச் சொல்லால் கேட்கும்?

பெற்றோர்களுக்கும் ஒன்று. தோட்டங்களை விட்டு வந்து மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் குடியேறினோம். இரண்டு அறை, மூன்று அறைதான். இடமில்லை என்பது உண்மை. முதியவர்கள் ஒரு மகன் வீட்டிலும், பேரப்பிள்ளைகள் இன்னோர் ஊரிலுமாக இருக்கின்றனர். தீபாவளிக்கு இரண்டு நாள் பார்த்தால் காலைத் தொட்டு வணங்கலாம், பண உறை வாங்கலாம். ஒருவர் எப்படிக் கதவைத் திறக்கிறார் என்பது இரண்டு நாளில் பிடிபடாது. பள்ளி விடுமுறையில் ஒரு வாரமாவது பிள்ளைகளை அங்கே விடுங்கள். கைப்பேசி கையோடு போகும் என்பதும் தெரியும்; போகட்டும்.

இவ்வாண்டு நான்காம் ஆண்டு வகுப்பில் தலைப்பைச் சற்று மாற்றிக் கொடுத்தேன்: ‘என் தாத்தா அல்லது பாட்டி செய்யும் விசித்திரமான ஒரு செயல். ஏன் என்று கேட்டு எழுதுக.’ பாதிப் பேர் வழக்கம்போல் நாளிதழையும் மெதுநடையையுமே எழுதினர். ஒரு மாணவன் மட்டும் எழுதியிருந்தான்: அவன் தாத்தா அறையைவிட்டு வெளியேறும்போது, உள்ளே ஆள் இருந்தாலும் விளக்கை அணைத்துவிடுவாராம். வீட்டில் நாள்தோறும் இதனால் சண்டை. கேட்டதற்கு, தாம் இருந்த தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்றும், அவர்கள் நிறுத்துமுன் தாமே நிறுத்திவிட்டால் இருட்டைக் கண்டு பயம் வராது என்றும் சொன்னாராம்.

பத்து வரிக் கட்டுரை. எழுத்துப் பிழைகள் ஏழு. வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னேன்.