மலிவு விலைச் சட்டைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

தீபாவளி நெருங்கும் நாட்களில் ஈப்போ லிட்டில் இந்தியாவில் நடக்க இடம் இருக்காது. அப்படியொரு மாலையில், துணிக்கடை ஒன்றில் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி தன் தாயிடம், "வீட்டுல இருக்கிறதெல்லாம் போட்டாச்சும்மா. படத்துல எல்லாரும் பார்த்துட்டாங்க" என்றாள். தாய் மறுபேச்சின்றிப் பணப்பையைத் திறந்தார். அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை படத்தில் வந்த ஆடை பழையதாகிவிட்டது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றைய சந்தை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். ஆண்டுக்கு ஒரு புதுச்சட்டை, அதுவும் தீபாவளிக்குத்தான். அண்ணனுக்குச் சிறுத்துப்போனது எனக்கு வரும். அப்பாவின் நல்ல சட்டை வெளுத்ததும் மரம் வெட்டப் போகும் சட்டையாகிவிடும். ரப்பர் பால் கறை பட்டால் போகாது என்பதால் அந்த வேலைக்குப் பழைய சட்டைதான். அதுவும் கிழிந்தால் கரித்துணி. அம்மாவின் பழைய சேலை தம்பிக்குத் தூளியானது. அது வறுமை, அதைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. ஆனால், ஒரு துணியை அதன் ஆயுள் முடியும்வரை பயன்படுத்தும் பழக்கம் வறுமையோடு சேர்ந்து தொலைய வேண்டியதில்லை.

ஒரு பருத்தி டி-சட்டை உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் தேவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நாளுக்கு மூன்று லிட்டர் குடிக்கும் ஒருவருக்கு அது இரண்டரை ஆண்டுக் குடிநீர். பாலியெஸ்டர் துணியோ பெட்ரோலியத்திலிருந்து வருவது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நெகிழி இழைகள் அதிலிருந்து நீரில் கலக்கின்றன. குப்பைமேட்டில் போட்டாலும் அது எளிதில் மக்காது.

சாயம் ஏற்றும் கட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் திருப்பூரே சாட்சி. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு அந்த ஊருடையது. அங்குள்ள சாயப்பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்க நேர்ந்தது. அவர்கள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தி, ஆற்றில் எதையும் விடாத முறைக்கு மாறிய பிறகே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன.

அந்த முறைக்குச் செலவு அதிகம். ஆற்றைக் காக்கும் பட்டறையும், கழிவை ஆற்றில் விடும் பட்டறையும் ஒரே விலைக்குப் போட்டியிட முடியாது. விலை ஒன்றையே பார்த்து நாம் வாங்கும்போது, நம்மை அறியாமலே இரண்டாவது பட்டறைக்குத் துணைபோகிறோம். சட்டமும் நீதிமன்றமும் செய்ய வேண்டியது ஒருபக்கம் இருக்கட்டும்; வாங்குகிறவர்களான நம் பங்கும் இருக்கிறது.

மாணவர்களே, மூன்று காரியங்களைச் சொல்கிறேன். ஓர் ஆடையை எடுக்குமுன், 'இதை அடுத்த தீபாவளிக்கும் உடுத்துவேனா?' என்று கேளுங்கள். அடுத்து, பொத்தான் தைக்கவும் கிழிந்த ஓரத்தை மடித்துத் தைக்கவும் பழகுங்கள், ஆண்பிள்ளைகளும்தான். மூன்றாவது, ஆண்டிறுதியில் சிறுத்துப்போன பள்ளிச் சீருடைகளைத் துவைத்து, பள்ளியிலேயே மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேளுங்கள். அதை ஏழைகளுக்கான உதவி என்று அறிவிக்காமல், எல்லாரும் கொடுத்து எல்லாரும் எடுக்கும் ஏற்பாடாக நடத்தினால் எந்தப் பிள்ளையும் கூச்சப்படாது.

பண்டல் கடையில் பழைய சட்டை தேடி எடுத்துப் பெருமையாகப் போடும் இளைஞர்கள் ஈப்போவிலேயே இருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் உடுத்திய சட்டை கௌரவம் என்றால், அண்ணன் உடுத்திய சட்டை எப்படி அவமானமாகும்?

எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தும் மகிழ்ச்சியை யாரும் விட வேண்டாம். நல்லதாக ஒன்று வாங்குங்கள். அடுத்த ஆண்டுப் படத்திலும் அதே ஆடையில் சிரித்துக்கொண்டு நில்லுங்கள்.