ஃபார்மேட் போடுவதற்கு முன்

உலாவியில் ஒரு பக்கம் திறக்க மறுத்தால் நம் வீடுகளில் முதலில் கை போவது அழிப்பதற்குத்தான். கேச், குக்கி, பழைய வரலாறு எல்லாவற்றையும் துடைத்துப் பார்ப்பார்கள். அப்போதும் சரிவராவிட்டால் கணினி கடைக்குப் போகும். அங்கே ஃபார்மேட் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். மலேசியாவில் வியாபார வருமானம் இல்லாத தனிநபர் தன் வருமான வரி பாரத்தை இணையம்வழி அனுப்ப மே 15 வரைதான் அவகாசம் என்ற நெருக்கடியில், செராஸ் அடுக்குமாடி வீட்டில் திறக்காத பக்கத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு நிதானமாக யோசிக்க நேரமிருக்காது என்பது புரிகிறது. ஆனாலும், பழுது எந்த இடத்தில் என்று தெரியுமுன் அழிக்கத் தொடங்குவது தவறு. இடத்தைக் கண்டறியும் சோதனை வீட்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பேன். ஏனென்றால், பல நேரங்களில் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருப்பதில்லை.

2024 செப்டம்பர் அதற்கு நல்ல சாட்சி. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கோரிக்கைகளை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டிருந்தது. அந்த மாதம் 30ஆம் தேதி கெடு. இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தருவதுதான் டிஎன்எஸ் சேவையின் வேலை. அந்த எண் கிடைக்காமல் உலாவி ஓர் அடிகூட நகராது. கெடுவுக்கு முன்பே சில இணைப்புகளில் திருப்பல் தொடங்கிவிட்டது. கணினியில் 8.8.8.8 என்று பதிந்து வைத்திருந்தவரின் அமைப்பு அப்படியே இருக்க, பதில் மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது. விவரம் தெரிந்தவர்கள் தங்கள் கணினியைச் சந்தேகிப்பதோடு நிற்கவில்லை. பதில் எங்கிருந்து வருகிறது என்று சோதித்து, கண்டதைப் பொதுவில் வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. செப்டம்பர் 8ஆம் தேதி, அத்திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் கேட்டுக்கொண்டதாகத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் அறிவித்தார். எல்லாரும் கேச்சைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆணையத்தின் நோக்கம் நல்லதுதானே என்று கேட்கலாம். 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்கள் முடக்கப்பட்டதாகவும், அவற்றில் 39 விழுக்காடு இணையச் சூதாட்டத் தளங்கள் என்றும் ஆணையம் சொன்னது. சூதாட்டம் குடும்பங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை அறிந்த யாரும் அந்த அக்கறையைப் புறந்தள்ள முடியாது. நானும் தள்ளவில்லை. என் மறுப்பு, செய்த முறையைப் பற்றியது. டிஎன்எஸ் மூலம் ஒரு தளத்தின் பெயருக்கு வேறு எண்ணைக் கொடுத்துத் தடுக்கும்போது, அது இன்றைய பெரும்பாலான தளங்களைப் போல எச்டிடிபிஎஸ் தளமாக இருந்தால், ‘இது தடைசெய்யப்பட்டது’ என்ற அறிவிப்பை உலாவியால் ஒழுங்காகக் காட்ட முடியாது. தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பொருந்தாததால் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கைதான் வரும். இல்லையேல் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். தடையா, பழுதா, வைரஸா என்று வீட்டிலிருப்பவருக்குப் பிடிபடாது. தவறுதலாக ஒரு நல்ல தளம் அந்தப் பட்டியலில் விழுந்தாலும் இதே கதைதான். தடுப்பது அரசின் அதிகாரமாக இருக்கலாம். தடுத்திருக்கிறோம் என்று குடிமகனுக்குத் தெரியச் செய்வது அதன் கடமை.

சரி, இடத்தை எப்படிக் கண்டறிவது? திறக்காத பக்கத்தை முதலில் இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் போதும். அந்தச் சாளரத்தில் பழைய குக்கிகள் இல்லை. நாமாக அனுமதித்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்களும் இயங்காது. அங்கே பக்கம் திறந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில். அந்த ஒரு தளத்தின் குக்கியை மட்டும் நீக்கலாம், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். மற்ற தளங்களில் நுழைந்திருப்பதை இழக்க வேண்டியதில்லை. இன்காக்னிட்டோவிலும் திறக்காவிட்டால், கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே திறந்தால் வீட்டு இணைப்பையோ டிஎன்எஸ்ஸையோ கணினியையோ சந்தேகிக்கலாம். வைஃபையிலுள்ள இன்னொரு சாதனம் அதையும் பிரித்துக் காட்டிவிடும். எங்குமே திறக்காவிட்டால் பெரும்பாலும் தளமே படுத்திருக்கிறது. காத்திருப்பதுதான் வழி. ஐந்து நிமிட வேலை இது.

பழைய கணினிகளில் இன்னொரு காரணத்தை அடிக்கடி தவறவிடுகிறோம். வங்கி, அரசுத் தளம், மின்னஞ்சல் எல்லாமே ஒரே நேரத்தில் ‘பாதுகாப்பானதல்ல’ என்று வந்தால், திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்ற ஒவ்வொரு முறையும் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு; 2020 செப்டம்பருக்குப் பின் வழங்கப்பட்ட எதுவும் 398 நாளைத் தாண்டிச் செல்லாது. கணினி 2015இல் இருப்பதாக நம்பினால் எல்லாச் சான்றிதழும் அதற்கு இன்னும் பிறக்காதவை. ஒரு சில ரிங்கிட் பேட்டரியில் தீரும் இந்தக் கோளாறுக்கு ஃபார்மேட் போட்டால், குடும்பப் படங்கள் போகும்; மறுநாள் மின்சாரம் நின்றதும் கோளாறு மட்டும் திரும்பி வரும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த அறியாமையை நம்பிப் பிழைப்பவர்கள். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று அலறும் பக்கம் வெறும் இணையப் பக்கம்தான். உண்மையான எச்சரிக்கையில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியேறி அந்தப் பக்கத்தை மூடினாலோ, டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடினாலோ அது ஒழிந்துவிடும். மூலையில் ஓயாமல் எழும் அறிவிப்புகள், என்றோ ஒரு தளத்தில் ‘அனுமதி’ என்று அழுத்தியதன் விளைவு. அமைப்புகளில் அந்த அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். கோளாறு எங்கே என்று சோதிக்கப் பழகியவர் அந்த எண்ணை அழைக்க மாட்டார். பழகாதவர் அழைத்து, முகமறியாத ஒருவருக்குத் தன் கணினியைத் தூரத்திலிருந்து திறந்துவிட்டு, வங்கிக் கணக்கையும் காட்டிவிடுகிறார். பணம் போன பிறகு, மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைக்கலாம். அழைத்தே ஆக வேண்டும். ஆனால் அப்போது ஓட்டம் பணத்தின் பின்னால்.

இப்போது எல்லாமே கைப்பேசியில்தானே என்பார்கள். கைப்பேசியிலும் குக்கி, டிஎன்எஸ், சான்றிதழ் எல்லாம் அதேதான். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் சிறு வியாபாரிகளின் கணக்குக்கும் வீட்டுக் கணினி இன்னும் தேவைப்படுகிறது. கணினியே பழசானால் சோதித்து என்ன பயன் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. விண்டோஸ் 7இல் 109ஆம் பதிப்போடு குரோம் நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஆனால் பழசுதான் காரணமா என்பதையும் சோதனைதான் சொல்லும். சொன்ன பிறகு செலவழிக்கலாம்.

வயதானவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்பதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். எட்டாததற்குக் காரணம், யாரும் அவர்களுக்குத் தமிழில் உட்கார்ந்து சொல்லாததுதான். ஆணையத்தின் நாடி மையங்கள் மக்களுக்கு இலக்கத் திறன் கற்பிக்கத்தான் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளில் கணினி இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, சனிக்கிழமை மாலையில் வகுப்பறை காலியாகக் கிடக்கிறது. மேலே சொன்ன சோதனைகளை ஒரு மாலையில் செய்துகாட்டிவிடலாம். செராஸில் ஒரு பள்ளி தொடங்கட்டும். வரும் வரிக் கெடுவுக்கு முன், மார்ச்சிலேயே.