கூட்ஸ் வண்டியில் தொடங்கும் ஏணி

தென்னக ரயில்வேயின் பொது மேலாளர் அவர்களுக்கு,

இரும்பு அங்காடியையும் லாரிகளையும் தவிர வேறு கீர்த்தி எதுவும் இல்லாத சாத்தாங்காட்டிலிருந்து, ரயில்வே உத்தியோகமே பார்த்திராத ஒரு சாமானிய பிரஜை, தங்கள் ஸ்தாபனத்துப் பெண்களைப் பற்றி எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆயினும் 1856இல் தென்னாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு அவ்வளவு உரிமையேனும் உண்டு என்று கருதுகிறேன்.

1905இல் தோன்றிய ரயில்வே வாரியத்தின் தலைமைப் பீடத்தில் ஒரு பெண்மணி அமர, 2023 செப்டம்பர் வரை காலம் பிடித்தது. அந்தப் பெருமையைப் பெற்ற ஜெயா வர்மா சின்ஹா போக்குவரத்துப் பிரிவில் பல்லாண்டு உழைத்து உயர்ந்தவர். அதே ஆண்டு ஜூனில் பாலசோரில் நேர்ந்த கோர விபத்துக்குப் பின், சிக்னல் அமைப்பின் நுட்பங்களைப் பத்திரிகையாளர்களுக்கு நிதானமாக விளக்கியவரும் அவரே. ஆனால் அவர் வந்தது அதிகாரிகளுக்குரிய பரீட்சையின் வழி. நான் விண்ணப்பிக்க விரும்புவது எஞ்சின் படியில் கால்வைத்து ஏறுகிறவர்களின் வழியைப் பற்றி.

மகாராஷ்டிரத்துச் சாத்தாராவில் பிறந்து, 1980களின் இறுதியில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, இந்நாட்டில் ரயில் ஓட்டிய முதல் பெண் என்று போற்றப்படும் சுரேகா யாதவ், 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் வண்டியை ஓட்டி வந்த படத்தை யாவரும் பார்த்தோம். வந்தே பாரத் முதன்முதலில் உருவானது நம் பெரம்பூர்த் தொழிற்சாலையில் என்பதில் வடசென்னைக்காரர்களுக்குச் சற்று அகங்காரம்கூட உண்டு. ஆனால் அந்த அம்மையார் ஆரம்பத்தில் பணிபுரிந்தது எந்த வண்டியில் தெரியுமா? மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய வாடிபந்தரிலிருந்து கல்யாணுக்குச் சென்ற ஒரு கூட்ஸ் வண்டியில். துறைமுகமும் யார்டும் கரியும் புழுதியும் சூழ்ந்த அத்தகைய இடத்துக்கு நம் பக்கத்தில் பெயர் தண்டையார்ப்பேட்டை, கொருக்குப்பேட்டை.

கூட்ஸ் வண்டியின் வாழ்க்கை தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிரயாணிகள் வண்டிக்குக் கால அட்டவணை உண்டு, நடைமேடை உண்டு. அத்திப்பட்டுப் பக்கமிருந்து வரும் நிலக்கரி வண்டியோ, பின்னால் வரும் எக்ஸ்பிரஸ்களுக்கெல்லாம் வழிவிட்டு, ஆள் நடமாட்டமற்ற ஒரு சிக்னலின் அடியில் எத்தனை நேரம் நிற்கும் என்பதை அதன் ஓட்டுநரே அறியார். அந்த எஞ்சினில் கழிப்பறை இல்லை என்றால், ஆண் இருளில் இறங்கி ஒதுங்கிவிடுவான்; பெண், பணிக்குப் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். கழிப்பறை பொருத்திய எஞ்சினை 2016இலேயே விழா எடுத்து ஓடவிட்ட நிர்வாகம், பெருந்தொகையான எஞ்சின்களை அவ்வசதியின்றியே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? வேறு பணிக்கு மாற்றிவிடுங்கள் என்று பெண் ஓட்டுநர்கள் ரயில்வே வாரியத்துக்கு விண்ணப்பித்த செய்தி 2024இல் நாளிதழ்களில் வந்தபோது, அதைத் தைரியக் குறைவு என்று பேசியவர்களும் உண்டு. என் அபிப்பிராயத்தில், அது மனிதர் படும் சிரமத்தின் நேர்மையான வாக்குமூலம்.

மும்பை மாட்டுங்கா நிலையத்தை 2017இல் முழுவதும் பெண்களிடமே ஒப்படைத்தார்கள். நல்ல காரியந்தான், எனினும் புகைப்படக்காரர்கள் வந்து போகும் நிலையத்தைவிட, அவர்கள் எட்டிப் பாராத யார்டில் ஒரு பெண் பத்தாண்டு தாக்குப்பிடித்து லோகோ இன்ஸ்பெக்டராக உயர்வதையே நான் பெரிதாக மதிப்பேன். கூட்ஸ் வண்டியில் தொடங்கி, ஓட்டுநராக அனுபவம் பெற்ற பிறகுதான் மேற்பார்வைப் பதவி. முதல் படியிலேயே பெண்கள் அலுவலக மேஜைக்கு மாறிவிட்டால், நாளைக்கு ஓட்டுநர்களுக்கு உத்தரவிடும் நாற்காலியில் உட்கார அனுபவமுள்ள பெண் எங்கிருந்து வருவாள்?

ஆகவே, தண்டையார்ப்பேட்டை யார்டுக்கு வந்துபோகும் எஞ்சின்களில் கழிப்பறை பொருத்துவதற்கு ஒரு கெடு விதித்து, அதைப் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும். ஓட்டுநர்களின் ஓய்வறைகளில் பெண்களுக்குத் தாழிடக்கூடிய தனி அறை இருக்கவேண்டும். சென்னைக் கோட்டத்தில் உதவி லோகோ பைலட்டாகச் சேர்ந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் இன்றும் எஞ்சினில் இருப்போர் எத்தனை பேர், லோகோ இன்ஸ்பெக்டர் ஆனோர் எத்தனை பேர் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடவேண்டும். முதல் கணக்கு வெளிவரும் தேதியைத் தெரிவித்தால் உபகாரமாக இருக்கும்.

இங்ஙனம்,
சாத்தாங்காட்டுவாசி